எண்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி

பள்ளி முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். திறன்பேசியில் ஒரு செயலியைத் திறக்கிறீர்கள். அடுத்த பேருந்து 4 நிமிடத்தில் வரும். அதில் உட்கார இடம் இருக்கிறது. அதற்கடுத்த பேருந்து 11 நிமிடத்தில் வரும். அதில் நிற்பதற்கு மட்டுமே இடமுண்டு. இந்த விவரங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடையில் ஒரு குளிர்பானம் வாங்க நேரம் இருக்குமா என்று கணக்குப் போடுகிறீர்கள்.

அந்தச் செயலியை உருவாக்கியவர் யார் என்று எப்போதாவது யோசித்தது உண்டா? அது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் செயலியாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சிங்கப்பூரில் மக்கள் பயன்படுத்தும் பேருந்துச் செயலிகளில் பலவற்றைத் தனிமனிதர்களே உருவாக்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பேருந்தும் இல்லை. பேருந்து எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று கண்டறியும் கருவியும் இல்லை. ஆணையம் அந்த விவரங்களை 'டேட்டாமால்' என்னும் இணையத்தளத்தில் கணினி படிக்கக்கூடிய வடிவில் தொடர்ந்து வெளியிடுகிறது. பதிவு செய்துகொண்டால் யாரும் அவற்றை இலவசமாகப் பெறலாம். நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணைக் கொடுத்தால், அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் நேரம், கூட்டத்தின் அளவு, சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடியுமா என்பது வரை தெரிந்துவிடும்.

இப்படி யாவரும் பெறவும், தம் விருப்பப்படி பயன்படுத்தவும், பிறருக்குப் பகிரவும் அனுமதித்து வெளியிடப்படும் விவரத் தொகுப்பையே 'திறந்த தரவு' என்கிறோம்.

'யாவரும் பார்க்கலாம்' என்பது மட்டும் போதாதா என்று கேட்கலாம். போதாது. நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த புத்தகத்தை யாவரும் பார்க்கலாம். எடுத்துப் படிக்கத்தான் முடியாது. ஓர் அட்டவணையைப் புகைப்படம்போல் எடுத்து பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் போட்டுவிட்டால் அதன் நிலையும் அதுதான். ஆயிரம் வரிகளையும் ஒருவர் உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அதே அட்டவணை சிஎஸ்வி போன்ற எளிய கோப்பாகக் கிடைத்தால், உங்கள் மடிக்கணினியில் சில நொடிகளில் வரிசைப்படுத்தலாம், வடிகட்டலாம், வரைபடமாக்கலாம். பயன்படுத்துவதற்கான அனுமதியும் எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால், உழைத்து உருவாக்கிய செயலியை நாளைக்கே நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

சிங்கப்பூர் அரசாங்கம் 2011ஆம் ஆண்டில் 'டேட்டா.கவ்.எஸ்ஜி' என்னும் தளத்தைத் தொடங்கியது. பல அமைச்சுகளும் கழகங்களும் தம் தரவுகளை அங்கே ஒருசேர வைக்கின்றன. மழைப்பொழிவு, காற்றின் தூய்மை, உணவங்காடி நிலையங்கள், டெங்கிப் பரவல் என அங்கே கிடைப்பவை ஏராளம். முதன்முதலாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆகவே, ஒரே ஒரு கோப்பைத் திறந்து பார்ப்போம்.

வீவக மறுவிற்பனை வீடுகளின் விலைப் பட்டியல் அந்தத் தளத்தில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டிலிருந்து நடந்த விற்பனைகளை அதில் காணலாம். ஒரு வரி, ஒரு வீடு. விற்பனை பதிவான மாதம், வட்டாரம், வீட்டின் வகை, புளோக் எண், தெரு, மாடி, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, கடைசியாக விலை. பெரும்பாலானோர் முதலில் செய்வது, தம் வட்டாரத்தின் சராசரி விலையைக் கணக்கிட்டு இன்னொரு வட்டாரத்தோடு ஒப்பிடுவதுதான். அங்கேயே முதல் சறுக்கல் காத்திருக்கிறது. தோ பாயோ பழைய நகர். அங்கே மூவறை வீடுகள் நிறைய உண்டு. பல வீடுகளின் 99 ஆண்டுக் குத்தகையில் பாதி கழிந்துவிட்டது. பொங்கோல் புதிய நகர். அங்கே நான்கறை, ஐந்தறை வீடுகளே மிகுதி. இரண்டின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'இந்த வட்டாரம் மலிவு, அந்த வட்டாரம் விலை அதிகம்' என்று சொன்னால், நாம் வட்டாரங்களை ஒப்பிடவில்லை. சிறிய பழைய வீட்டைப் பெரிய புதிய வீட்டோடு ஒப்பிடுகிறோம். ஒரே வகை, ஏறத்தாழ ஒரே பரப்பளவு, ஒரே அளவு எஞ்சிய குத்தகை என்று வடிகட்டிய பிறகுதான் ஒப்பீடு பொருளுடையதாகும்.

அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். விற்றவர் பெயர் இல்லை. வாங்கியவர் பெயர் இல்லை. வீட்டு எண்ணும் இல்லை. மாடியைக்கூடச் சரியாகச் சொல்லாமல் '10 முதல் 12 வரை' என்று மூன்று மாடிகளைச் சேர்த்தே குறிப்பிடுகிறார்கள். இது கவனக்குறைவு அன்று. எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அங்கு வசிப்பவரின் பணவிவரம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். தரவைத் திறப்பவர்கள் எதைக் காட்டுவது என்று யோசிப்பதைப் போலவே எதை மறைப்பது என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. திறந்த தரவு என்பது பொதுச் சொத்தின் விவரம். தனிமனிதரின் அந்தரங்கம் அதில் சேராது.

அரசாங்கம் சேகரித்த எண்களை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்துவது கணினிக் காலத்தில் பிறந்த வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதியில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. சில நாள்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கெட்ட காற்றினால் நோய் பரவுகிறது என்பதே அன்று பெரும்பாலோர் நம்பிக்கை. ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் மட்டும் தண்ணீரைச் சந்தேகித்தார். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்யும் தலைமைப் பதிவகம் ஒன்று இருந்தது. அங்கே புள்ளிவிவரங்களைத் தொகுத்தவர் வில்லியம் ஃபார். அந்தப் பகுதியில் காலராவால் இறந்தவர்களின் பட்டியலை ஸ்னோ பதிவகத்திலிருந்து பெற்றார். மூன்று நாள்களில் 83 பேர்.

பட்டியலில் இறந்தவரின் முகவரி இருந்தது. நோயின் பெயர் இருந்தது. அவர் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்பது இல்லை. அதை யாரும் கேட்டிருக்கவில்லை. ஸ்னோ பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பெரும்பாலான இறப்புகள் பிராட் தெருவில் இருந்த அடிகுழாய்க்கு அருகே நிகழ்ந்திருந்தன. ஆனால், அவரை அதிகம் ஈர்த்தவை அந்த வரிசையில் பொருந்தாதவை. அருகிலேயே இருந்த ஏழையர் இல்லத்தில் 500க்கும் மேற்பட்டோர் வசித்தும் ஐந்து பேரே இறந்திருந்தனர். அந்த இல்லத்திற்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் இருந்த மதுபானத் தொழிற்சாலையின் தொழிலாளர்களில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொடவே இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் வசித்த ஒரு முதிய பெண்மணி இறந்திருந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் அதை நாள்தோறும் வரவழைத்துக் குடித்தவர் அவர். செப்டம்பர் 8ஆம் தேதி அந்த அடிகுழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குள் நோயின் வேகம் ஏற்கெனவே தணியத் தொடங்கிவிட்டது என்பதையும் ஸ்னோவே நேர்மையாக எழுதிவைத்தார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்னோ அல்லர், ஃபார். அவரும் அப்போது காற்றுக் கொள்கையை நம்பியவர்தான். ஆனாலும், தம் நம்பிக்கைக்கு மாறான முடிவுக்குப் போக முயன்றவரிடமிருந்து அவர் எண்களை மறைக்கவில்லை. அதே கொள்ளைநோய்க் காலத்தில் தென் லண்டனில் யாரேனும் காலராவால் இறந்தால், அந்த வீட்டுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர் வருகிறது என்றும் விசாரித்து எழுதும்படி பதிவகம் தன் பதிவாளர்களைக் கேட்டுக்கொண்டது. படிவத்தில் ஒரு கேள்வி கூடியது. 1866ஆம் ஆண்டில் காலரா மீண்டும் லண்டனைத் தாக்கியபோது, தண்ணீரே காரணம் என்பதை எண்களைக் கொண்டு நிறுவியவர்களுள் ஃபாரும் ஒருவர்.

ஓர் எண் நமக்குச் சொல்வது, யாரோ கேட்ட ஒரு கேள்விக்கான விடை மட்டுமே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, நமக்கு நெருக்கமான ஓர் எண்ணைப் பார்ப்போம்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழுக்குக் கிடைத்த எண் 2.5 விழுக்காடு. வீட்டில் மிக அதிகமாகத் தமிழ் பேசுவதாகச் சொன்னவர்களின் விகிதம் அது. 2010இல் அது 3 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியிருந்தது. அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. இந்த எண்கள் வெளிவந்தபோது தமிழ் மேடைகளில் கவலை எழுந்தது. கவலைப்படக் காரணம் உண்டு. ஆனால், கவலைப்படுபவர்களிலும் பலர் அந்த எண்ணைத் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'இந்தியர்களில் 2.5 விழுக்காட்டினர்தான் தமிழ் பேசுகிறார்களாம்' என்று ஒருவர் என்னிடமே வருந்தினார்.

அப்படி அன்று. அது இந்தியர்களில் 2.5 விழுக்காடு இல்லை; எல்லா இனத்தவரையும் சேர்த்த, 5 வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் 25 பேர். அந்த ஆயிரம் பேரில் இந்தியர்கள் ஏறத்தாழ 90 பேர். ஆகவே, இந்தியர்களைப் பொறுத்தவரை நால்வரில் ஒருவருக்குச் சற்று அதிகம். அந்த 90 பேரில் மலையாளிகள், பஞ்சாபியர், குஜராத்தியர் முதலியோரும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழை எதிர்பார்க்க முடியாது. எதற்கு எத்தனை விழுக்காடு என்று கேட்காமல் விழுக்காட்டைச் சொல்வது, விலாசம் இல்லாத கடிதம் போன்றது.

அடுத்து, யார் கணக்கில் வரவில்லை என்று பார்க்க வேண்டும். 'குடியிருப்பாளர்' என்று கணக்கெடுப்பு சொல்வது குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்கா பகுதியில் நடந்தால் காதில் விழும் தமிழில் பெரும்பகுதி இந்த 2.5க்கு வெளியே இருக்கிறது. மேலும், மொழி பற்றிய கேள்வி நாட்டின் எல்லா வீடுகளிலும் கேட்கப்பட்டதும் இல்லை. ஏறத்தாழ 150,000 குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தந்த விடைகளிலிருந்தே முழு நாட்டுக்கும் மதிப்பிட்டார்கள். இது குறை அன்று. முறையாகச் செய்யப்பட்ட மாதிரி ஆய்வு நம்பத்தகுந்தது. மாதிரி என்பதை மறந்துவிடக்கூடாது என்பதே செய்தி.

முக்கியமானது, கேள்வியின் சொற்கள். 'மிக அதிகமாகப் பேசும் மொழி' என்றால் ஒரு மொழிதான் விடையாகும். தமிழையும் ஆங்கிலத்தையும் கலந்து புழங்கும் வீட்டில் ஆங்கிலம் சற்றே முந்தினாலும், அந்த வீடு முழுவதும் ஆங்கிலத்தின் கணக்கில் போய்விடும். நல்லவேளையாக, கணக்கெடுப்பு அத்துடன் நிற்கவில்லை. இரண்டாவதாக எந்த மொழி பேசுகிறீர்கள் என்றும் கேட்டது. ஆங்கிலத்தையே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் வீட்டில் இன்னொரு தாய்மொழியையும் பேசுவதாகக் கூறினர். செய்தித் தலைப்பில் இடம்பெற்ற முதல் எண்ணை எல்லாரும் அறிவார்கள். இரண்டாவது எண்ணைத் தேடிப்போய்ப் படித்தவர்கள் குறைவு. இரண்டும் ஒரே கணக்கெடுப்பில் இருந்தவைதாம்.

இதனால் தமிழுக்கு ஆபத்து இல்லை என்று சொல்ல வரவில்லை. பத்தாண்டுகளில் விகிதம் குறைந்தது உண்மை. கேள்வி மாறவில்லை, விடை மாறியிருக்கிறது. ஆனால், வீடுகளில் தமிழ் மறைந்துவிட்டதா, இரண்டாம் இடத்திற்கு நகர்ந்திருக்கிறதா என்பவை வெவ்வேறு செய்திகள். முன்னதற்குச் செய்ய வேண்டியதும் பின்னதற்குச் செய்ய வேண்டியதும் ஒன்றல்ல.

இவற்றையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். புள்ளிவிவரத் துறையின் இணையத்தளத்தில் 'டேபிள் பில்டர்' என்னும் பகுதி இருக்கிறது. வேண்டிய ஆண்டையும் பிரிவையும் தெரிவு செய்து அட்டவணையை நாமே அமைத்துக்கொள்ளலாம். மலேசியாவில் 'டேட்டா.கவ்.எம்ஒய்', 'ஓப்பன்டோசம்' ஆகிய தளங்கள் இத்தகையவை. அந்நாட்டின் சுகாதார அமைச்சு 2021ஆம் ஆண்டு ஜூலை முதல் கொவிட்-19 விவரங்களைக் கோப்புகளாக வெளியிட, ஆர்வலர்கள் தாங்களே வரைபடங்கள் தயாரித்து நோயின் போக்கை மக்களுக்கு விளக்கினார்கள். உலக நாடுகளை ஒப்பிட விரும்பினால் சுவீடனைச் சேர்ந்த ஹான்ஸ் ரோஸ்லிங் தம் குடும்பத்தினரோடு தொடங்கிய 'கேப்மைண்டர்' தளத்துக்குச் செல்லுங்கள். அங்கிருக்கும் வினாடி வினாவை ஒருமுறை செய்து பாருங்கள். உலகைப் பற்றி நாம் எவ்வளவு தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சிரிப்பு வரும். 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' இன்னொரு வகை. அங்கே தரவைப் படைப்பவர்களே பொதுமக்கள்தாம். 2010ஆம் ஆண்டு ஹைட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, உலகின் பல மூலைகளிலிருந்த தொண்டூழியர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தலைநகரின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள். மீட்புப் பணியாளர்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள்.

எந்தத் தளமானாலும், அட்டவணையோடு ஒரு விளக்கக் குறிப்பு இருக்கும். யார் சேகரித்தார்கள், எப்போது, யாரிடம், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சுவையற்ற பகுதி, யாரும் படிப்பதில்லை. முதலில் அதைப் படியுங்கள்.

சென்ற ஆண்டு ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பொன்றைப் பார்வையிட்டேன். ஆசிரியை கணக்கெடுப்பின் அதே கேள்வியைத் தாளில் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்திருந்தார். இரண்டு நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாணவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான்.

"பாட்டியிடம் தமிழ்தான் பேசுவேன். தம்பியிடம் ஆங்கிலம். அம்மாவிடம் இரண்டும். எதை எழுதுவது?"

"யாரிடம் அதிகம் பேசுவாய்?"

"தம்பியிடம்தான். ஆனால், சண்டை போடுவதையும் பேச்சில் சேர்க்க வேண்டுமா?"

வகுப்பே சிரித்தது. பிறகு ஒவ்வொருவராக அதே சிக்கலைச் சொல்லத் தொடங்கினார்கள். ஆசிரியை தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கேள்வியை நீங்களே மாற்றி எழுதுங்கள் என்றார். அரைமணி நேர வாக்குவாதத்திற்குப் பிறகு, வெண்பலகையில் ஓர் அட்டவணை உருவானது. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று மூன்று பத்தி. பெயர் எழுத வேண்டாம் என்று எல்லாரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து சென்று கோடு போட்டார்கள். தாத்தா பாட்டி பத்தியில் தமிழுக்கு நேரே கோடுகள் நெருக்கமாக நின்றன. பெற்றோர் பத்தியில் கலந்து நின்றன. உடன்பிறந்தோர் பத்தியில் தமிழின் கட்டம் ஏறக்குறைய காலியாக இருந்தது.

யாரும் உடனே பேசவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து போய், நான்காவதாக ஒரு பத்திக்குக் கோடு இழுத்தாள். அதன் தலைப்பில் 'தாத்தா பாட்டி நம்முடன் வசிக்கிறார்களா?' என்று எழுதிவிட்டு, பேனாவை அடுத்தவரிடம் நீட்டினாள்.